வாசல் கதவுக்கு வைத்த காவல்

நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. கல்யாணமான மறு வருஷத்திலிருந்து தி. நகரில் ஒரு பாத்திரக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள் வேறு எப்படி இருக்க முடியும்? டம்ளர் வாங்க வருகிறவர் டம்ளரைப் பார்ப்பார், நான் அவர் கையில் இருக்கும் பையைப் பார்ப்பேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தால் குழந்தையைச் சுற்றியிருக்கும் துண்டைப் பார்ப்பேன். என் கணவர் இதற்காக என்னைக் கேலி செய்வார். சாமியே வந்து குத்துவிளக்கு விலை கேட்டாலும் நீ அவர் இடுப்பு மடிப்பைத்தான் பார்ப்பாய் என்பார். சொல்லிக்கொள்ளட்டும். நான் இருந்த வரைக்கும் கடையில் ஒரு கரண்டி காணாமல் போனதில்லை.

அவர் போன பிறகு கடையை அவருடைய தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். நான் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடி பிளாட்டில் தனியாக இருக்கிறேன். எனக்கு ஒரே மகள். கணவன், பையனோடு டொராண்டோவில் இருக்கிறாள்.

எதிர் பிளாட்டில் ஆள் இல்லாத சமயம் பார்த்துப் பட்டப்பகலில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. நான் மகளிடம் மூச்சு விடவில்லை. ஆனாலும் அன்று மாலைக்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொழுந்தன் மகன்தான் சொல்லியிருப்பான் என்று அப்போதே எனக்குப் பட்டது. அவள் போனில் மூன்று வழி சொன்னாள். ஒன்று, அவளோடு வந்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு, கோயம்புத்தூர் பக்கத்தில் வயதானவர்களுக்கென்று கட்டியிருக்கும் வீடுகளில் ஒன்றுக்குப் போக வேண்டும். இரண்டும் முடியாதென்றால் வீட்டில் பாதுகாப்புக் கருவி வைக்க வேண்டும். டொராண்டோவை நான் ஒரு குளிர்காலம் பார்த்துவிட்டேன், போதும். கோயம்புத்தூர் வீடுகளின் படங்களை அனுப்பியிருந்தாள். எல்லாப் படத்திலும் வயதானவர்கள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவது வழியைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டில் நான் இருக்க வேண்டுமானால் அந்தக் கருவி வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஆனால் எதை வாங்குவது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

முதலில் பக்கத்திலேயே, பனகல் பார்க் தாண்டி ஒரு பெரிய கடைக்குப் போனேன். வீட்டில் இருக்கும் லைட், ஃபேன், பூட்டு, கேமரா எல்லாவற்றையும் ஒரு பெட்டியோடு இணைத்துவிடலாம், அந்தப் பெட்டிக்கு ஹப் என்று பெயர் என்று விற்பனைக்கு நின்றவர் விளக்கினார். பேசினால் பதில் சொல்லும் என்று ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதுவும் மரியாதையாகப் பதில் சொன்னது. கூப்பிடாதபோது அது என்ன செய்துகொண்டிருக்கும் என்று கேட்டேன். தன் பெயரை யாராவது சொல்கிறார்களா என்று கவனித்துக்கொண்டிருக்கும் என்றார். அப்படியானால் நாம் பேசுவது எல்லாவற்றையும் கேட்டால்தானே அதில் தன் பெயர் வருகிறதா என்று அதற்குத் தெரியும் என்றேன். அவர் சிரித்தார். விடை தெரியாத கேள்விக்கு எங்கள் கடைப் பையன்கள் சிரிக்கும் அதே சிரிப்பு. அங்கிருந்து கிளம்பிவிட்டேன்.

அடுத்தது கே.கே. நகரில் ஒரு டீலர். கேமராவில் கெட்டிக்காரர் என்று யாரோ சொன்னார்கள். மனிதர் நன்றாகத்தான் பேசினார். கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, வாசலில் ஒன்று, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் மகள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். படம் எவ்வளவு தெளிவாக வரும் என்று காட்டுவதற்காகத் தன் போனை எடுத்து நீட்டினார். அதில் யாரோ ஒரு பெரியவர் பனியனோடு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊறுகாய் கூடத் தெரிந்தது. யார் இவர் என்று கேட்டேன். நம்ம கஸ்டமர்தான் என்று பெருமையாகச் சொன்னார். நாளைக்கு இன்னொருத்தி இதே நாற்காலியில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பாள் என்று தோன்றியதும் எழுந்துவிட்டேன். அந்தப் பெரியவருக்கு இது தெரியுமா என்று கேட்காமல் வந்துவிட்டேனே என்று வீடு வந்து சேர்கிற வரைக்கும் பொருமிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவதாக ஒரு கம்பெனியை மகளே தேடிச் சொன்னாள். வீட்டில் கேமரா கிடையாது, கதவில் மட்டும் சென்சார், ஏதாவது தவறாக நடந்தால் அவர்களுடைய கண்காணிப்பு மையத்துக்குத் தகவல் போகும், அங்கே ராப்பகலாக ஆட்கள் இருப்பார்கள் என்றாள். அந்த ஆட்களைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்றேன். கம்பெனிக்காரர்கள் தயங்கினார்கள். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லையாம். கேட்காதவர்கள் வீட்டில் போய் மாட்டுங்கள் என்று போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவர்களே கூப்பிட்டு வரச்சொன்னார்கள்.

ஆதம்பாக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருந்தது அந்த மையம். பெரிய கூடம், வரிசையாக மேஜைகள், காதில் ஹெட்போன் மாட்டிய பிள்ளைகள், ஜன்னல் ஓரத்தில் டிபன் பாக்ஸ்கள். ஒவ்வொரு திரையாக நின்று பார்த்தேன். எதிலும் மனித முகம் இல்லை. பெயர், விலாசம், பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி. புள்ளி சிவப்பானால் வீட்டுக்காரர் கொடுத்திருக்கும் நம்பருக்குப் போன் செய்வோம் என்று ஒரு பெண் சொன்னாள். முகத்தைப் பார்த்துப் பேசினாள், அவசரப்படவில்லை. கூடத்தை விட்டு வெளியே வருவதற்குள் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மாட்டிவிட வந்தவர் சைதாப்பேட்டைக்காரர். ஹப் பெட்டியை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தார், வாசல் கதவில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு துண்டை ஒட்டினார். எனக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. உண்மையிலேயே இதற்குக் காது கிடையாதா என்று கேட்டேன்.

"காதுலாம் இல்லம்மா. கதவுல ஒண்ணு கீது, நெலையில ஒண்ணு கீது. ரெண்டும் பிரிஞ்சா கதவு தொறந்துகீதுன்னு இதுக்குத் தெரியும். வேற இன்னா நடந்தாலும் இதுக்குத் தெரியாது."

கதவு பூட்டாமல் வெகுநேரம் திறந்து கிடந்தால் பெட்டி சத்தம் போடும் என்றும் சொன்னார். ஆனால் சத்தத்தை நிறுத்தி வைக்கும்படி மகள் ஏற்கனவே கம்பெனியிடம் பேசிவிட்டாளாம், திடீரென்று அலறினால் அம்மா பயந்துவிடுவார்கள் என்று. யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் அவளே பேசி முடித்துவிட்டாளாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று சுருக்கென்றது. இருந்தாலும் அக்கறையில்தானே செய்கிறாள் என்று விட்டுவிட்டேன். கல்லாவில் உட்கார்ந்த காலத்தில் அப்படி எதையும் நான் விட்டதில்லை.

சில நாளில் மகளின் போக்கு மாறியது.

அதுவரை ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள். இப்போது தினமும் சாயங்காலம் போன் வந்தது. அங்கே அவளுக்குக் காலை, ஆபீசுக்குப் போகிற அவசரம். அந்த நேரத்தில் அம்மாவோடு பேச என்ன இருக்கிறது? பேச்சும் சரியில்லை. சுற்றி வளைத்து ஏதாவது கேட்பாள். இன்றைக்கு என்ன கிழமை என்பாள், தனக்கு ஞாபகம் இல்லாத மாதிரி. மத்தியானம் என்ன குழம்பு என்று கேட்டுவிட்டு, நேற்று என்ன குழம்பு என்பாள். கேஸை மூடினாயா என்பாள். ஒரு நாள் பேரனுடைய விளையாட்டு என்று சொல்லி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னாள். என்னிடம் கழித்தல் கணக்கா? அவள் மூச்சு விடுவதற்குள் முடித்துவிட்டு, இன்னும் ஏதாவது உண்டா என்று கேட்டேன். இன்னொரு நாள் ஒரு கடிகாரம் வரைந்து படம் எடுத்து அனுப்பு, பையனுக்கு ஸ்கூலில் கேட்டிருக்கிறார்கள் என்றாள். டொராண்டோவில் கடிகாரம் வரைய ஆள் இல்லையா?

வரைந்து அனுப்பினேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும்? எங்கள் கட்டடத்தை இடித்துக் கட்ட ஒரு பில்டர் அலைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை ஏதாவது திட்டம் போட்டிருப்பாரோ என்று நினைத்தேன். என்னிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் எனக்குப் புத்தி சுவாதீனம் இருக்கிறதா என்று பார்க்கிறார்களோ என்று நினைத்தேன். பெற்ற மகளைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று அழுகையும் வந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை. பெட்டியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்தேன்.

பிறகு கொழுந்தன் மகன் வந்தான். கையில் ஆப்பிள். கடையை விட்டு வராதவன் பகலில் வந்தாலே விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். கோயம்புத்தூர் வீடுகளைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தான். அங்கே கோயில் இருக்கிறதாம், டாக்டர் இருக்கிறாராம், சாப்பாடு நம்ம பக்கத்துச் சமையலாம். கிளம்பும்போது, சும்மா ஒரு செக்கப், அடையாறில் நல்ல டாக்டர், வியாழக்கிழமை நானே கார் எடுத்துக்கொண்டு வருகிறேன் பெரியம்மா என்றான். எதற்கு செக்கப் என்றேன். பொதுவாகத்தான் என்று ஆப்பிளைப் பார்த்துச் சொன்னான்.

போனேன். வேண்டுமென்றேதான் போனேன், எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் பார்க்கலாம் என்று. அடையாறில் மரம் அடர்ந்த ஒரு தெரு, பழைய பங்களாவை மாற்றிக் கட்டிய கிளினிக். அவன் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். நான் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் இருந்த போர்டைப் படித்தேன். முதியோர் மறதி நோய் சிகிச்சை என்று இருந்தது. எனக்கு எதிரே ஒரு அம்மாள் தன் புடவைத் தலைப்பையே மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். கிழமை, குழம்பு, கழித்தல், கடிகாரம் எல்லாம் எதற்கு என்று அந்த பெஞ்சில்தான் எனக்குப் புரிந்தது.

அவன் வந்ததும் யார் சொன்னது, என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"அக்கா ரொம்பப் பயந்து போயிருக்காங்க பெரியம்மா. நீங்க தினமும் வாசக் கதவத் தொறந்து போட்டுட்டு மறந்துடுறீங்களாம். கம்பெனியிலேருந்து தினம் அவங்களுக்குப் போன் போகுதாம்."

நானா? வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு மறக்கிறேனா? பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள் நான். எந்த நேரத்தில் போன் போகிறதாம் என்று கேட்டேன். சாயங்காலம் என்றான்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். எனக்கு நினைவு தெரிந்த நாளாக விளக்கு வைக்கிற நேரத்தில் சமையலறை பால்கனிக் கதவைச் சாத்துவேன், வாசல் கதவை அகலத் திறப்பேன். லட்சுமி உள்ளே வருகிற நேரத்தில் கதவைச் சாத்தி வைக்கிற வீடும் ஒரு வீடா? வெளியே இரும்பு கிரில் கேட் இருக்கிறது, அது எப்போதும் பூட்டியேதான் இருக்கும். உள்ளே இருக்கும் மரக்கதவைத்தான் திறந்து வைப்பேன். விளக்கேற்றி, பக்கத்தில் நாற்காலி போட்டு, நன்றாக இருட்டுகிற வரைக்கும் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். சைதாப்பேட்டைக்காரர் சென்சாரை ஒட்டியது மரக்கதவில். நான் விளக்கேற்றி உட்கார்ந்த ஒவ்வொரு சாயங்காலமும் ஆதம்பாக்கத்தில் ஒரு புள்ளி சிவப்பாகியிருக்கிறது. டொராண்டோவில் என் மகளுக்கு, அம்மா இன்றைக்கும் மறந்துவிட்டாள் என்று போன் போயிருக்கிறது. அவளும் என்னிடம் கதவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் கிழமையைக் கேட்டிருக்கிறாள்.

அந்த மரக்கதவுக்கு நேரே உட்கார்ந்து, விளக்கு வெளிச்சம் போதாது என்று டியூப்லைட்டையும் போட்டுக்கொண்டு, பத்து வருஷம் வீட்டுப்பாடம் எழுதியவள் அவள். அதை நினைத்ததும் கோபம் பாதி போய்விட்டது.

வந்தது வந்தோம், பார்த்துவிட்டே போவோம் என்று டாக்டரிடம் உட்கார்ந்தேன். பிறகு யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது பாருங்கள். ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். எட்டு எட்டாகவும் கழிக்கட்டுமா என்றேன். எல்லாம் முடிந்து, உங்களுக்கு மறதி இல்லை, சந்தேகம்தான் கொஞ்சம் அதிகம் என்றார். அதற்கு மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றி, கதவைத் திறந்து வைத்துவிட்டு, போன் வருவதற்காகக் காத்திருந்தேன். வந்தது. இன்றைக்கு என்ன என்று அவள் ஆரம்பிப்பதற்குள், வீடியோவில் வா என்றேன். கோபம் வந்தால் எனக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

"ஏட்டி, நல்லாப் பாத்துக்கோ. இது வெளக்கு. இது தொறந்த கதவு. இது பூட்டின கேட்டு. நான் கதவத் தொறந்து வைக்கது மறதியில இல்ல."

அவள் பார்த்தாள். முகம் மெதுவாக மாறுவதைச் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எப்படிம்மா இதை நினைக்காமப் போனேன் என்று கேட்டாள். கோயம்புத்தூர் இல்லை, டாக்டரும் இல்லை, நீ உன் வீட்டிலேயே இரு என்றாள். ஆனால் அவளும் என் மகள்தானே, ஒரு நிபந்தனை வைத்தாள். கதவு திறந்திருக்கிறது என்று தினம் போன் வந்தால் உண்மையிலேயே ஒரு நாள் ஏதாவது ஆகும்போது தெரியாமல் போய்விடும், அதனால் விளக்கை மட்டும் ஏற்று, கதவைச் சாத்திவிடு என்றாள்.

நான் முடியாது என்றேன். வாதம் முற்றியது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. ஆதம்பாக்கத்தில் முகத்தைப் பார்த்துப் பேசிய அந்தப் பெண்ணைப் பிடித்து, இதை மாற்றி வைக்க முடியுமா என்று கேட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் கதவு திறந்தால் கண்டுகொள்ளாதீர்கள், அந்த நேரத்தில் கதவு திறக்காவிட்டால் என் மகளுக்குச் சொல்லுங்கள் என்றேன். அவள் ஒருமுறை திருப்பிச் சொல்லி, புரிந்துகொண்டு, முடியும் மேடம் என்றாள். மகளுக்கும் அது பிடித்திருந்தது. சாயங்காலப் போன்கள் நின்றன. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு பழையபடி வம்பும் சிரிப்புமாக ஆனது.

இத்தோடு நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் என் புத்தி எனக்குத் தெரியும். மாற்றிவிட்டோம் என்று சொன்னார்களே தவிர, உண்மையிலேயே மாற்றினார்களா? அந்த நேரத்தில் யாராவது பார்க்கிறார்களா, டீ குடிக்கப் போய்விடுகிறார்களா? என் மகளுக்குச் சொன்னால் அவள்தான் என்ன செய்வாள், மீட்டிங்கில் இருக்கிறேன் என்று விட்டுவிடுவாளா? ஒரு நாள் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். விளக்கை ஏற்றினேன். கதவைத் திறக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். விளக்கேற்றிய வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. காற்று வராமல் எண்ணெய் வாசனை கூடத்திலேயே நின்றது. பரவாயில்லை, சோதனைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன் அடித்தது. மகள்தான். எடுத்தேன், ஆனால் உடனே பேசவில்லை. என்ன சொல்கிறாள் பார்க்கலாம் என்றிருந்தேன்.

அவள் கிழமை கேட்கவில்லை. குழம்பு கேட்கவில்லை. அம்மா, அம்மா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது குரல் உடைந்தது. பின்னால் மாப்பிள்ளை யாருக்கோ போன் போட்டுச் சத்தமாகப் பேசுவது கேட்டது, பூட்டை உடைத்தாவது உள்ளே போ என்று. இந்தப் பெண் என் வீட்டுக்கு ஆசைப்படுகிறாள் என்று எத்தனை ராத்திரி விழித்துக்கொண்டு கிடந்தேன். இருக்கேன் தாயி, ஒண்ணும் இல்ல, இங்கதான் இருக்கேன் என்று எப்படியோ சொன்னேன். அவள் சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதாள். நானும் அழுதேன்.

"கதவத் தொறம்மா," என்றாள். "முதல்ல கதவத் தொற."

போனைக் காதில் வைத்துக்கொண்டே எழுந்து போய்த் திறந்தேன்.